படிவத்தில் இல்லாத கோடு

மார்ச் மாதம் மூன்றாவது வாரம். என் அலுவலகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரின் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. உள்ளே கர்ப்பிணி அட்டை, மூன்று ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், திருப்பூர் போய்வந்த பஸ் டிக்கெட் இரண்டு, நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாள். அவருக்கு வயது 26. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு பறிக்கப் போவார், எடைக்குக் கூலி. 4 வயதில் ஒரு பெண் குழந்தை. வயிற்றில் 21 வாரமும் 2 நாளுமான கரு.

"கோர்ட்டு ஆர்டர் வாங்கிட்டு வரச் சொல்லிட்டாய்ங்க மேடம்" என்றார்.

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவருக்கு இங்கே பெயர் வைக்கவில்லை. ஆள் தெரியாதபடி ஊரையும் நாட்களையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் ஓராண்டு வரை சிறை என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் 5ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது. டாக்டருக்குச் சொன்ன அந்தக் கட்டுப்பாட்டை வக்கீலான நானும் எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிகளின் பெயரும் இதில் வராது. அவர் ஏறி இறங்கியது மூன்று இடங்கள், மூன்றிலும் கிடைத்தது மறுப்புதான்.

மடித்த தாளைப் பிரித்தேன். கருக்கலைப்புக்கு எழுதித் தரும் சம்மதப் படிவம், ‘சி’ படிவம் என்பார்கள். அந்தச் சட்டத்தின் 2003 விதிகளோடு இருப்பது. சின்னப் படிவம்தான். மேல் பாதியில் பெண் தன் பெயர், வயது, விலாசம் எழுதி, கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன் என்று கையெழுத்திட வேண்டும். கீழ்ப் பாதி காப்பாளருக்கு. 18 வயது நிரம்பாத பெண்ணுக்கும் மனநலம் பாதித்த பெண்ணுக்கும் மட்டுமே அது தேவை. இவர் கையில் இருந்த தாளில் இரண்டு பாதிக்கும் நடுவே யாரோ ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்து, அடியில் ‘கணவர் கையொப்பம்’ என்று எழுதியிருந்தார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்துப் பேனா மை கறுத்து, அந்தக் கோடும் அச்சடித்த மற்ற கோடுகளோடு கலந்துவிட்டது. லேசாக ஒரு பக்கம் சரிந்திருந்ததை வைத்துத்தான் கையால் போட்டது என்று கண்டுபிடித்தேன்.

சட்டப் புத்தகத்தின் பின்னால் உள்ள படிவத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கோடு எதுக்கு மேடம்?"

அந்தக் கோட்டுக்காக அவர் அலைந்தது 11 வாரம். இந்தியாவில் கருக்கலைப்புச் சட்டம் எல்லாவற்றையும் வாரக் கணக்கில்தான் அளக்கிறது. 9 வாரத்துக்குள் ஒரு வழி, 20 வாரத்துக்குள் ஒரு வழி, 24 வாரத்துக்குள் ஒரு வழி, அதற்குமேல் ஏறக்குறைய வழியே இல்லை. அந்த வாரங்களை யார் செலவழித்தார்கள் என்று மட்டும் சட்டம் எந்த இடத்திலும் கேட்பதில்லை. இந்த ஒரு நிகழ்வை நான் இவ்வளவு விரிவாக எழுதுவது அதற்காகத்தான்.

மார்கழி முதல் பங்குனி வரை

கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. இரண்டு வருடமாகவே அங்கே அவருக்கு வேறொரு குடித்தனம். வீட்டுக்குப் பணம் வருவதில்லை. தீபாவளிக்கு மட்டும் வந்தார். "அன்னைக்கு நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

மார்கழி பிறந்த சமயம், "ரெண்டு மாசமாக் குளிக்கல" என்பது உறைத்து, மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். இரண்டு கோடு. அப்போது 8 வாரம். அதே கடையில் மாத்திரை கேட்டிருக்கிறார். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்றார்கள். அது சரியான பதில்தான். மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற இரண்டு மருந்தும் சேர்ந்த அந்தச் சிகிச்சை டாக்டர் மேற்பார்வையில் நடக்க வேண்டியது. மிஃபெப்ரிஸ்டோனுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002-இல். இன்றைய விதிப்படி 9 வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம். ஆனால் சீட்டோடு போனாலும் எங்கள் பக்கம் பல கடைகளில் அந்த மாத்திரை இருக்காது. வைத்திருந்தால் மருந்து இன்ஸ்பெக்டர் வந்து பில் பில்லாகக் கணக்குக் கேட்பார் என்ற பயத்தில் வாங்கியே வைப்பதில்லை. மார்கழியில் மல்லி வரத்துக் குறைவு, பூ குறைந்தால் கூலியும் குறைவு. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டவுனுக்குப் போய் டாக்டரைப் பார்க்க அவருக்கு மேலும் ஒன்றரை வாரம் பிடித்தது. 9 வாரம் கடந்துபோனது.

10-வது வாரம் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே நர்சம்மா முதலில் செய்தது பதிவு. தமிழ்நாட்டில் ஒரு பெண் உண்டானது தெரிந்தவுடன் பிக்மி என்ற கர்ப்பிணிப் பதிவு நம்பர் போட்டுவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்பார்கள், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் அது வேண்டும். நல்ல ஏற்பாடு, அதனால் பிழைத்த தாய்மார்கள் ஏராளம். ஆனால் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்ல வந்தவரையும் அதே ரிஜிஸ்டரில் ஏற்றிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவர் கண்காணிக்கப்படும் கர்ப்பிணி. கலைக்கணும் என்று இவர் சொன்னதும் நர்சம்மா முகம் மாறிவிட்டதாம்.

"மொதப் பிள்ளை பொண்ணுதானே? ரெண்டாவதும் பொண்ணுன்னு யாராச்சும் பாத்துச் சொன்னாங்களா?"

இந்தக் கேள்வி வரும் இடம் எனக்குத் தெரியும். 1980-களில் உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது பெண் சிசுக்கொலைக்காக. எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்தது. இந்த வட்டாரத்தில் வேலை பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சரித்திரம் மேலதிகாரிகளின் கேள்வியாகவே வந்து சேரும். உன் ஏரியாவில் இரண்டாவது கர்ப்பம் ஏன் காணாமல் போனது, முதல் குழந்தை என்ன என்று மீட்டிங்கில் நிற்கவைத்துக் கேட்பார்கள். அந்த நர்சம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் 10 வாரக் கருவை ஸ்கேனில் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் சொல்ல முடியாது. அது அவருக்கும் தெரியும். பயம் அந்தப் படிப்பை மறக்கவைத்துவிட்டது.

இரண்டும் வேறு வேறு சட்டம். பாலினம் பார்ப்பது 1994 சட்டப்படி குற்றம். கர்ப்பத்தைத் தொடர விரும்பாத பெண்ணுக்குச் சிகிச்சை தருவது 1971 கருக்கலைப்புச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. எங்கள் ஊர்களில் இரண்டும் ஒன்றாகிப் போனதால், கலைக்கணும் என்று வாய் திறக்கும் எந்தப் பெண்ணும் பெண் கருவைக் கொல்ல வந்தவளாகத்தான் தெரிகிறாள். இவருக்கு அது ரொம்பவே வலித்தது. "என் பொண்ண நான் தனியா வளக்குறேன் மேடம். என்னப் பாத்து அப்படிக் கேட்டுட்டாங்க."

11-வது வாரம் முதல் ஆஸ்பத்திரி. அங்கேதான் அந்த ஜெராக்ஸ் தாள் கைக்கு வந்தது. வீட்டுக்காரர் கையெழுத்து, அவர் ஆதார் நகல், இரண்டும் கட்டாயம். கூடவே இன்னொரு நிபந்தனை, "குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிறதா இருந்தா சொல்லு, சேத்துச் செஞ்சிடலாம்." இரண்டாவதாகப் போன தனியார் ஆஸ்பத்திரியில் 30,000 ரூபாய், அங்கேயும் கையெழுத்து. சரி, கையெழுத்தையே வாங்கிவிடுவோம் என்று கிளம்பினால் பொங்கல். திருப்பூர்க் கம்பெனிகள் பொங்கலுக்கு அடைத்தால் ஆட்கள் திரும்பி வரப் பத்து நாளாகும். 14-வது வாரத்தில் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், கம்பெனி வாசலில் காத்திருந்து ஆளைப் பிடித்திருக்கிறார். "ஆம்பளப் பிள்ளையா இருந்தா என்ன பண்றது, போட முடியாது" என்று கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மஞ்சப்பையில் இருந்த பஸ் டிக்கெட் அந்தப் பயணத்தினுடையது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "போகலன்னு யாராச்சும் சொல்லிட்டா?"

16-வது வாரத்தில் மறுபடி முதல் ஆஸ்பத்திரி. ஹீமோகுளோபின் 7.9. ரத்தம் ஏறினபிறகு வா என்று இரும்புச்சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். இந்த அலைச்சலில் மருத்துவக் காரணம் இருந்த தாமதம் இது ஒன்றுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ரத்தம் ஏறி, மூன்றாவது இடத்துக்குப் போய், ஸ்கேன் எடுத்தபோது 20 வாரம் 1 நாள். "இருவது தாண்டிருச்சும்மா. இனி எங்க கையில இல்ல. கோர்ட்டுக்குப் போ."

சட்டம் சொல்வது

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் கருக்கலைப்பு பெண்ணின் உரிமையாக எழுதப்படவில்லை, குற்றத்துக்கு ஒரு விலக்காகத்தான் எழுதப்பட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவில் கருச்சிதைவு உண்டாக்குவது குற்றம், தனக்குத்தானே செய்துகொள்ளும் பெண்ணும் அதில் அடக்கம். 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதா வந்தபிறகும், 88-ஆவது பிரிவாக அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1964-இல் அமைத்த சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையை ஒட்டி வந்த 1971 சட்டம், 1972 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தந்த நிலையில் செய்தால் டாக்டர் மேல் குற்றம் இல்லை என்று சொல்வதுதான் அதன் கட்டமைப்பு. நாடு குடும்பக் கட்டுப்பாட்டில் மும்முரமாக இருந்த காலம் அது. கலைக்க வந்தவரிடம் ஆபரேஷனையும் சேர்த்துக் கேட்கும் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி நிபந்தனை போட அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இடமில்லை.

கையெழுத்து விஷயத்தில் அந்தச் சட்டம் தொடங்கிய நாளிலிருந்தே தெளிவாக இருக்கிறது. 3-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, கர்ப்பிணியின் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்கிறது. சிறுமிக்கும் மனநலம் பாதித்தவருக்கும் மட்டும் காப்பாளர் எழுதித் தர வேண்டும். கணவர் என்ற சொல்லே அந்த உட்பிரிவில் கிடையாது. 50 ஆண்டாக இருப்பது இது. படிவத்தில் ‘காப்பாளர்’ என்று கண்டதும் பெண்ணுக்குக் காப்பாளர் புருஷன்தானே என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்புதான் ஸ்கேல் வைத்துக் கோடாகியிருக்கிறது.

2021 திருத்தம் அந்த ஆண்டு செப்டம்பர் 24-இல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு 12 வாரம் வரை ஒரு டாக்டர், 12 முதல் 20 வரை இரண்டு டாக்டர், அதோடு சரி. திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, விதிகளில் சொல்லப்பட்ட சில வகைப் பெண்களுக்கு, இரண்டு டாக்டர்கள் கருத்துச் சொன்னால் போதும். 24-க்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டும் மருத்துவ வாரியம். உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்தாக வேண்டிய நிலை என்றால் வார வரம்பே இல்லை. இவர் 21 வாரத்தில் இருந்தார். கோர்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை, வாரியத்துக்கும் இல்லை.

பிறகு ஏன் கோர்ட்டு என்றார்கள்? 2021-க்கு முன்னால் 20 வாரம்தான் எல்லை. அதைத் தாண்டியவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் வரிசையாக ஓடினார்கள். ஒத்தக்கடையில் எங்கள் மதுரைக் கிளையிலும் அந்த மாதிரி மனுக்கள் வரும், மருத்துவக் கல்லூரி டீன் குழு அமைத்துப் பார்த்து அறிக்கை தர உத்தரவாகும். ‘இருபது தாண்டினால் கோர்ட்டு’ என்பது அந்த நாட்களில் படிந்த பழக்கம். எல்லை நகர்ந்த செய்தி வார்டு வரை இறங்கவில்லை.

அடுத்த கேள்வி, 20 முதல் 24 வாரத்துக்கான வகைகளில் இவர் வருவாரா என்பது. 3பி விதி ஏழு வகையைச் சொல்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் மணநிலை மாறியவர்கள் (அடைப்புக்குள் ‘விதவை, விவாகரத்து’), மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதித்தவர்கள், கருவில் குறைபாடு உள்ளவர்கள், பேரிடர் போன்ற நிலையில் இருப்பவர்கள். இவர் விதவை இல்லை, விவாகரத்தும் ஆகவில்லை. எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் வெளியே நிற்கிறார்.

இங்கேதான் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு வருகிறது. வழக்குப் போட்டவர் 25 வயது, மணமாகாதவர், காதலர் கைவிட்டதால் கலைக்கக் கேட்டவர். டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் இடைக்கால அனுமதி தந்து, பிறகு விரிவாகத் தீர்ப்பெழுதியது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், ஏ.எஸ். போபண்ணா, ஜே.பி. பர்திவாலா. மணமான பெண்ணுக்கு ஒன்று, ஆகாத பெண்ணுக்கு ஒன்று என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்றார்கள். அடைப்புக்குள் உள்ள இரண்டு சொல்லோடு மணநிலை மாற்றம் முடிந்துவிடாது, கைவிடப்பட்டவரும் பிரிந்திருப்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்றார்கள். கணவர் வற்புறுத்தியதால் உண்டான கர்ப்பமும் இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குப் பாலியல் வன்முறையாகவே கொள்ளப்படும், அதற்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை என்றார்கள். குடும்பத்தார் சம்மதம், கூடுதல் ஆவணம், கோர்ட்டு உத்தரவு என்று சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை டாக்டர்கள் விதிக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். அந்தப் பத்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சரிந்த கோடுதான் ஞாபகம் வருகிறது. அதே ஆண்டு ஜூன் 24-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1973 முதல் அங்கே கருக்கலைப்புக்கு இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பை எடுத்துப்போட்டது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு நாட்டு உச்ச நீதிமன்றங்கள் எதிரெதிர்த் திசையில் நடந்தன.

ஆனால் இங்கே கதவு அகலத் திறந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர், பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு இல்லாததால் உண்டானதே தெரியாமல், 26 வாரத்தில் உச்ச நீதிமன்றம் போனார். முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு இரு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். அக்டோபர் 16-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது. 24 வாரத்தைத் தாண்டிவிட்டார், கருவில் குறையில்லை, உயிருக்கு ஆபத்தில்லை என்பது காரணம். 24-க்கு அந்தப் பக்கம் பெண்ணின் வறுமையையோ மனநிலையையோ சட்டம் எடைபோடச் சொல்வதில்லை. என் எதிரே இருந்தவருக்கு அந்த மதிலுக்கு இன்னும் 19 நாள் இருந்தது.

ரிட்டா, கடிதமா

வக்கீலுக்கு முதலில் கை போவது உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குத்தான். அஃபிடவிட் தயாரித்து, திங்கள்கிழமை மென்ஷன் செய்து, அவசரமாக எடுக்கச் சொல்லிக் கேட்டால், இரக்கமுள்ள அமர்வு அன்றே எடுக்கும். ஆனால் கேஸ் எடுத்து, அறிக்கை கேட்டு, அறிக்கை வந்து, உத்தரவாகி, நகல் கையில் கிடைத்து, அதை ஆஸ்பத்திரியில் காட்டுவதற்குள் ஒரு வாரமாவது ஓடும். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. தேவையில்லாத இடத்தில் நானே உத்தரவு வாங்கிக்கொண்டு போனால், ‘கோர்ட்டு ஆர்டர் வேண்டும்’ என்ற பழக்கத்துக்கு நானும் ஒரு கல் எடுத்துவைத்தது போலாகிவிடும். அடுத்த பெண்ணையும் அங்கே அனுப்புவார்கள்.

மனுவைத் தயார் செய்து மேசையில் வைத்துவிட்டு, முதலில் ஒரு கடிதம் எழுதினோம். அவரை உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எந்த வகையில் கேட்பது என்பதை அவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. தீபாவளி இரவைச் சொல்லிக் கேட்கலாம், சட்டம் இடம் தருகிறது என்றேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். விரல் நகக்கண்ணில் காம்புச் சாறு பச்சையாக ஒட்டியிருந்தது, அதையே நிமிண்டிக்கொண்டிருந்தார். "வார்டுல நாலு பேரு கேப்பாங்க மேடம். அது வேணாம். விட்டுட்டுப் போயிட்டார்னு எழுதுங்க, அது ஊருக்கே தெரியும்." அப்படியே எழுதினோம்.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. மருத்துவக் காரணமின்றி, கணவருக்குத் தெரியாமல் கருவைக் கலைப்பது விவாகரத்து வழக்கில் மனக்கொடுமையாகக் கருதப்படலாம் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளைக்கு இந்த ஆள் அதை எடுத்துக்கொண்டு வரலாம். "வரட்டும் மேடம். திருப்பூர்க்காரி எதுக்குன்னு அங்க நானும் கேக்குறேன்" என்றார். அன்று முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது.

கடிதத்தின் கடைசி இரண்டு வரிதான் முக்கியம். ‘என் கோரிக்கையை ஏற்க இயலாது எனில், எந்தச் சட்டப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்பதை 24 மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ தீர்ப்பின் அந்தப் பத்தியையும் 3பி விதியையும் ஒரிஜினல் ‘சி’ படிவத்தையும் இணைத்து, திங்கள் காலை இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போடச் சொன்னபோது கிளார்க் உள்ளே போனவர் அரைமணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

மூத்த மகப்பேறு டாக்டர் எங்களை அறைக்குள் அழைத்தார். களைத்துப் போன முகம், மேசையில் ஆறிய டீ. "நாங்க செய்ய மாட்டோம்னு சொல்லல வக்கீலம்மா. நாளைக்கு அந்த ஆளு பத்துப் பேரக் கூட்டிட்டு வந்து வார்டுல நின்னா, எனக்கு யாரு பதில் சொல்றது? கையெழுத்து இருந்தா காட்டலாம்ல." அவர் சொன்னது பொய்யில்லை. டாக்டர்கள் அடி வாங்கிய செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நல்லெண்ணத்தோடு செய்த டாக்டர் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்று அதே 1971 சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்வதைக் காட்டினேன். தன்னைக் கேட்காமல் கலைத்ததற்காக மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் நஷ்டஈடு கேட்ட ஒரு கணவரின் வழக்கைப் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் ஏற்கவில்லை, 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது என்பதையும் சொன்னேன். "இத ஏன் எங்களுக்கு யாரும் சொல்றதில்ல?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். சர்க்குலர்கள் ஸ்கேன் ரிஜிஸ்டரைப் பற்றியும் பாலின விகிதத்தைப் பற்றியும்தான் வருமாம்.

சிறுமிகள் விஷயத்தில் இந்தப் பயம் இன்னும் ஆழம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் தண்டனை. அதனால் பதினேழு வயதுப் பெண்ணோடு வரும் தாய், போலீஸ் என்றதும் திரும்பிப் போய்விடுகிறாள். சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்று அதே 2022 தீர்ப்பு வழிசெய்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு அதைத் தமிழ்நாட்டு டாக்டர்களுக்கு வலியுறுத்தியது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அன்று மாலையே இரண்டு டாக்டர்கள் அவரைப் பரிசோதித்துக் கருத்தைப் பதிவு செய்தார்கள். புதன்கிழமை அட்மிஷன். ‘சி’ படிவம் கொண்டுவந்த நர்ஸ் பழைய கட்டிலிருந்தே ஒரு தாளை உருவினார், அதே சரிந்த கோடு. நான் கொண்டுபோயிருந்த படிவத்தைக் கொடுத்தேன். அவர் டாக்டரைப் பார்த்தார், டாக்டர் தலையசைத்தார். அந்தப் பெண் மெதுவாக, எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார்.

22 வாரம் என்பது 10 வாரம் மாதிரி இல்லை. 10-வது வாரத்தில் உறிஞ்சி எடுக்கும் முறையில் சில நிமிடத்தில் முடிந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார். இப்போது மாத்திரை கொடுத்து, காத்திருந்து, மறுபடி மணிக்கணக்கில் மருந்து வைத்து, பிரசவ வலி மாதிரியே வலி வந்து, ஒன்றரை நாள் ஆனது. அவர் அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டில்களில் பிரசவத்துக்கு வந்தவர்கள். இரண்டு நாள் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வேறு. ரத்தம் ஒரு யூனிட் ஏற்றினார்கள். யாரோ இழுத்த கோட்டின் விலையை இவர் உடம்பு கொடுத்தது. நான் அங்கே செய்ததெல்லாம் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கி வந்தது மட்டும்தான்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தரும்போது அந்த டாக்டர் என்னிடம் பழைய ஜெராக்ஸ் கட்டைக் காட்டி, "இத மாத்திடுறேன்" என்றார். மாற்றியதை அடுத்த வாரமே பார்த்தேன். மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் எந்தப் படிவம் புழங்குகிறது என்று இதை எழுதும் நாளில் போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒன்றில் இன்னும் கோடு இருக்கிறது.

ஆடி மாதம் எனக்கு ஒரு போன் வந்தது. புது நம்பர். அந்த ஊர் நர்சம்மா. அந்தப் பெண்ணிடமே கேட்டு என் நம்பரை வாங்கியிருக்கிறார். அவருடைய ரிஜிஸ்டரில் பிரசவத் தேதி வந்துவிட்டது, என்னவென்று எழுதுவது என்ற கேள்விதான் முதலில். சட்டப்படி நடந்த கருக்கலைப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள், ஊரில் யாரிடமும் பேசாதீர்கள் என்றேன். சரி என்றவர் வைக்கவில்லை.

"மேடம், எங்க ஏரியால இன்னொரு பிள்ள. பத்து வாரம். புருஷன் வெளிநாட்டுல. கையெழுத்து கேப்பாங்களேன்னு அழுவுது. கண்டிப்பா வேணாம்தானே?"

வேணாம் என்றேன்.

"எழுத்துல குடுத்திடுறீங்களா? அங்க போய்க் காட்டணும்."

3-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவைத் தமிழில் எழுதி, கோடு இல்லாத ‘சி’ படிவத்தையும் சேர்த்து அன்றே அவர் போனுக்கு அனுப்பினேன்.